ஆரப்பாளையத்தில் முத்துத்தாய்

கீழக்குயில்குடி
ஞாயிற்றுக்கிழமை

பாசமுள்ள மகள் திவ்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அத்தை சோலையம்மாளும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தமிழ்வாணியும், இன்னும் பெயர் வைக்காத என் பேரனும் அந்தக் குளிர் ஊரில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க மலையடி அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளை பெற்ற உடம்பு தாயி, ஈரத் தலையோடு நிற்காதே, பசித்தால் நேரம் பார்க்காமல் சாப்பிடு. அடிக்கடி போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா திடீரென்று எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனிலேயே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்துப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அங்கே மழையா, பிள்ளை தூங்கினானா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது உன் அம்மாவைப் பற்றியது. அதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், மனசு தாங்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்கு வருஷ திதி நல்லபடியாக முடிந்தது. நீ வர முடியவில்லையே என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே, பச்சை உடம்புக்காரி விமானம் ஏறி வருவதை உன் அம்மாவே ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்குப் பிடித்த சுரைக்காய்க் கூட்டும் கருவாட்டுக் குழம்பும் வைத்துப் படைத்தோம். அவளோடு வேலை பார்த்த போலீஸ்காரப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், அவர்களில் ஒருத்தி இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாளாம். அந்தம்மா உன் அம்மா படத்துக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்ததும் பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேலத் தெரு மொக்கையன் மகன் முத்துக்குமரன் காலையிலிருந்து இலை போட்டது, தண்ணீர் வைத்தது, பாத்திரம் கழுவியது என்று எல்லாவற்றையும் தானே செய்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சமணர் மலைப் பக்கம் கஞ்சாவைப் புகைத்துக்கொண்டு பெற்ற தகப்பனையே கல்லெடுத்து எறிந்த பையன் அவன். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனை விரட்டாமல், பயமுறுத்தாமல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், அவன் கை நடுக்கம் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது பசுமலையில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறான். அவனாகவே மொட்டை போட்டுக்கொண்டு வந்தான், யாரும் சொல்லவில்லை.

பேப்பரில் அம்மா படத்தைப் போட்டு நினைவஞ்சலி கொடுத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார், அவருக்காகத்தான் இந்தக் கடிதம். பந்தி முடிகிற நேரம். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, கையில் மடித்த பேப்பர். செருப்பை வாசலுக்கு வெளியே தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். நான் போய் யாரென்று கேட்டேன். "என் பேரு இம்மானுவேல்ண்ணே. ஆரப்பாளையத்துல ஆட்டோ ஓட்டுனேன். முத்துத்தாய்க்கா போட்டுக் குடுத்து உள்ள போனேன்ல, அந்த ஆளு" என்றார். பின்னாலிருந்த உன் அத்தை காதில் அது விழுந்துவிட்டது. அவனை முதலில் வெளியே போகச் சொல்லு, செத்தவளையும் விடமாட்டார்களா என்று சத்தம் போட ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டரம்மாவும் எழுந்து வந்துவிட்டார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாரே தவிர ஓர் அடி நகரவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று மட்டும் சொன்னார். நான் அத்தையை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவரை வரச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

திவ்யா, அந்தக் காலத்துக் கதையில் உனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது கொஞ்சம். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் அது. ஆந்திராவிலிருந்து பஸ்ஸிலும் லாரியிலும் வருகிற கஞ்சா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் இறங்கி, அங்கிருந்து பொட்டலமாகப் பிரிந்து கல்லூரி வாசல்வரை போய்க்கொண்டிருந்தது. எப்போது சோதனை போட்டாலும் அறை காலியாக இருக்கும், முன்கூட்டியே தகவல் போய்விடும். உள்ளே ஓர் ஆள் இருந்தால்தான் பிடிக்க முடியும் என்று முடிவு செய்தார்கள். போதைத் தடுப்புப் பிரிவில் ஏட்டாக இருந்த உன் அம்மாவைக் கேட்டார்கள். காட்டில் களையெடுத்து வளர்ந்த கை, பேச்சும் நம்ம ஊர்ப் பேச்சு, கூட்டிப் பெருக்குகிற பொம்பளை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. கனகலட்சுமி என்ற பெயரை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, புருஷன் விட்டுட்டுப் போனவள், பிள்ளைகுட்டி இல்லாத முத்துத்தாய் என்று சொல்லி அந்த லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே வைகைக் கரைப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கினாள். ஊருக்கும் உனக்கும் சென்னையில் பயிற்சி என்று சொல்லியிருந்தோம். அந்த லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதற்கு முன்னால் ஒருவனைப் போலீஸ் ஆள் என்று சந்தேகப்பட்டு ஆற்றுக்குள் வைத்து அடித்ததில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய்விட்டது. அவன் போலீஸ் ஆளே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இதெல்லாம் தெரிந்துதான் உன் அம்மா போனாள். போகிற அன்று உனக்குத் தலை பின்னிவிட்டபோது பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள், நீ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கோபித்துக்கொண்டாய்.

அதன் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோ-கோ போட்டிக்குத் தேனி போக உங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு நீ ஆரப்பாளையத்தில் நின்றாய். எதிரே லாட்ஜ் வாசலில் வாளியும் விளக்குமாறுமாக உன் அம்மா நிற்பதைப் பார்த்தாய், அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே ரோட்டைக் கடந்து ஓடினாய். அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் பாப்பா நீ, ஆள் மாறி வந்துட்ட, போ, உங்க டீச்சர் தேடுவாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நீ ஊர் திரும்பி வந்து சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்தாய். கும்பல் பிடிபட்டு அந்த வேலை முடிந்ததும் அம்மா வீட்டுக்கு வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீயும் புரியுதும்மா என்றுதான் சொன்னாய். ஆனால் அதற்குப் பிறகு நீ அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை, காய்ச்சல் என்றால்கூட என்னிடம்தான் வந்தாய். அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. போன வருஷம் நீ ஓடிவந்து ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் கையை வைத்து, இப்பவாவது நான் யாருன்னு தெரியுதாம்மா என்று மெதுவாகக் கேட்டாய். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். நான் பக்கத்தில்தான் நின்றேன் தாயி.

இம்மானுவேல் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். எழுந்ததும் சாப்பிடச் சொன்னேன், முதலில் ஒன்று கேட்கணும் என்றார். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் சொன்னது இது. அவருடைய மகளுக்கு அப்போது நாலைந்து வயசு இருக்கும். ஒருநாள் மத்தியானம் காய்ச்சல் முற்றிப் பிள்ளைக்கு வலிப்பு வந்து கண் சொருகிவிட்டது. இவர் ஆட்டோவோடு எங்கேயோ போயிருக்கிறார். அவர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி லாட்ஜ் வாசலுக்கு ஓடி வந்திருக்கிறார். உன் அம்மா கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் வரும்வரை கத்திக் கூப்பாடு போட்டு, ஊசி போட்டுப் பிள்ளை கண் திறக்கிறவரை மடியை விட்டு இறக்கவில்லையாம். இவர் போய்ப் பார்க்கும்போது முந்தானையை நனைத்துப் பிள்ளை நெற்றியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் அக்காவாகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சோறு அங்கேதான். கோர்ட்டில் கூண்டுக்கு எதிரே நின்று இவரைக் கைகாட்டியதும் அதே அக்காதான். "கஞ்சாவை நான்தாண்ணே கடத்துனேன், அதுல பொய் கிடையாது. தண்டனை குடுத்தாக, இருந்துட்டு வந்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் இம்புட்டு வருஷமா உறுத்துது. எம்பிள்ளைய அன்னைக்குத் தூக்கிட்டு ஓடுனாகளே, அதுவும் எங்க வீட்டுக்குள்ள நுழையிறதுக்குச் செஞ்சதுதானா? அக்காட்டயே கேக்கணும்னு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு, நாள் தள்ளிப்போச்சு. இன்னைக்குப் பேப்பரப் பாத்தா படம் போட்டிருக்கு" என்றார்.

இதற்கு நான் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நீ அவளை ஆரப்பாளையத்தில் பார்ப்பதற்கு முந்தி நடந்தது அது, அந்த மத்தியானத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத்தான் பெரிய சரக்கு இறங்குவதாக இருந்தது. அம்மா மாடியிலிருந்து ஜாடை காட்டினால் உள்ளே புகுவதற்கு ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் பயணிகள் மாதிரி நின்றிருந்தார்கள். சரக்கு வந்தது, இறங்கியது, கைமாறிப் போயே போய்விட்டது. ஜாடை காட்ட ஆள் இல்லை, ஆள் ஆஸ்பத்திரியில் ஆட்டோக்காரன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மேலதிகாரி கொதித்துப்போய் மெமோ கொடுத்தார். மாதக்கணக்கில் செய்த வேலையைக் கெடுத்துவிட்டாய், உன்னை இந்த வேலையிலிருந்தே எடுக்கிறேன் என்றார். புதிதாக ஓர் ஆளை உள்ளே அனுப்ப முடியாது என்பதால் பிறகு அவளையே தொடரச் சொன்னார்கள். அம்மா எனக்குப் போன் செய்து சொன்னபோது அழுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பிள்ளை பொழைச்சிருச்சுங்க" என்றுதான் முதலில் சொன்னாள். அந்த மெமோவால் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இதையெல்லாம் அவரிடம் அப்படியே சொன்னேன். வேலைக்காகச் செய்யவில்லை தம்பி, வேலையை விட்டுவிட்டுத்தான் செய்தாள் என்றேன். அவர் பேப்பரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார், அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த உன் அத்தை ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மோரைக் குடித்துவிட்டு அவர் சொன்னதுதான் திவ்யா, உனக்கு நான் சொல்ல வந்தது. நீ ஓடிவந்து அம்மா என்று கூப்பிட்டாயே, அப்போது லாட்ஜ் வாசலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தது அவர்தான். உன் முகத்தைப் பார்த்தாராம், அவள் முகத்தைப் பார்த்தாராம், அச்சில் வார்த்தது மாதிரி இருந்ததாம். நீ போன பிறகு அவள் வாளியை எடுத்துக்கொண்டு படியேறியிருக்கிறாள். இவர் மனசு கேட்காமல் கொஞ்சம் பொறுத்து மாடிக்குப் போயிருக்கிறார். பிள்ளைகுட்டி இல்லாதவள் என்று சொன்ன பொம்பளைக்குப் பெரிய பள்ளிக்கூட உடுப்புப் போட்ட பிள்ளை, பொய்ப் பெயர், எந்த பஸ் எப்போது வரும் என்று அவள் அவ்வப்போது கேட்ட கேள்விகள், எல்லாம் அவருக்கு ஒரே நேரத்தில் கூடி வந்துவிட்டது. அவள் போலீஸ் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சத்தமில்லாமல் இறங்கி வந்து ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் குத்தகைக்காரன் அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறான். டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், ஒரு பிள்ளை முத்துத்தாயைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டதாமே, நீ அங்கேதானே இருந்தாய் என்று கேட்டிருக்கிறான். இம்மானுவேல் சிரித்துக்கொண்டே, "அது கூட்டத்துல தவறுன பிள்ளைண்ணே, அழுதுக்கிட்டே என்னயக்கூடத்தான் அப்பான்னு கூப்புட்டுச்சு" என்று சொல்லியிருக்கிறார். குத்தகைக்காரனும் சிரித்துவிட்டான். அத்தோடு முடிந்தது.

அவள் பக்கத்தில் அன்றைக்கு எமன் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறான், அது அவளுக்கே தெரியாது. சாகிறவரைக்கும் தெரியாது. சொல்லியிருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்களே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நல்லவனா இருந்து சொல்லாம இருந்தேன்னு நெனைச்சுராதீங்க. அக்கா எம்பிள்ளைய மடியில போட்டு உக்காந்திருந்தது கண்ணுல நின்னுச்சு. அங்கிட்டு ஒரு பிள்ளை அழுதுக்கிட்டே பஸ்ஸுல போகுது. அதோட அம்மாவ நான் எப்புடிண்ணே காட்டிக் குடுக்குறது? ஆனா பயமும் இருந்துச்சு. தொழிலையும் விடல. இனிமே சரக்கே வராமப் போயிரட்டும்னு கும்பிட்டுக்கிட்டே ஓட்டுனேன், வந்துச்சு, மாட்டுனேன்" என்றார். சிறையில் முதல் சில வருஷம் அவளை நினைத்தாலே நெஞ்செரிந்ததாம். அப்புறம் மனுப் போட்டுச் சிறையில் பார்க்க வந்த மனைவி சொல்லியிருக்கிறார், அந்த அக்கா வீட்டுக்கு வந்தது, நான் கதவைச் சாத்தினேன், மறுபடியும் வந்தது, சாத்தினேன், மூன்றாவது தடவை பிள்ளை ஓடிப்போய்த் திறந்துவிட்டது என்று. அதற்குப் பிறகு அம்மா அந்தப் பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்த்து, படிப்பு முடிகிறவரை போய்ப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது எனக்குக்கூட மேலோட்டமாகத்தான் தெரியும். கோர்ட் வேலை என்று சொல்லிவிட்டுப் போவாள், நான் துருவிக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு தபால் ஆபீசில் வேலை பார்க்கிறதாம். இம்மானுவேல் ஆட்டோவை விட்டுவிட்டு ஆரப்பாளையத்திலேயே பழக்கடை வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும்போது உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது. எனக்கே முழுசாக விளங்கவில்லை. உன் அம்மா தைரியசாலி என்று ஊர் பேசியது, இன்ஸ்பெக்டரம்மா பேசியது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் உயிரோடு வீடு திரும்பியது அவள் தைரியத்தால் மட்டும் இல்லை. அவள் வேலையை மறந்த ஒரு மத்தியானமும், அவளால் சிறைக்குப் போன ஒருவன் வாய் மூடிக்கொண்டதும் அதற்குக் காரணம். அதே ஆளை அவள் கைகாட்டியதும் சரிதான், அந்தப் பொட்டலங்கள் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கும். சரியான காரியத்தைச் செய்துவிட்டு வாழ்நாள் முழுவதும் அதன் பாரத்தையும் சுமந்திருக்கிறாள். அன்றைக்கு நீ கூப்பிட்டதற்கு ஏன்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உனக்கு மனசு ஆறியிருக்கும், அவள் இருந்திருக்க மாட்டாள், உனக்கும் என்ன ஆகியிருக்குமோ. இதை நான் அப்போதே உனக்குச் சொன்னேன், அம்மாவும் சொன்னாள். பதினாலு வயசுப் பிள்ளை கண் முன்னால் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எந்த விளக்கம் ஆற்றும்? அதனால் அம்மாவை மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன், அது உனக்கும் அவளுக்கும் உள்ளது.

இம்மானுவேல் நன்றாகச் சாப்பிட்டார், உன் அத்தைதான் பரிமாறினாள், இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது கருவாட்டுத் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். கிளம்பும்போது அந்தப் பிள்ளை எப்படி இருக்கு என்று உன்னைப் பற்றிக் கேட்டார். போனில் நீயும் பிள்ளைகளும் இருக்கிற படத்தைக் காட்டினேன், வாங்கி வெகுநேரம் பார்த்தார். தெருவில் செருப்பை மாட்டிக்கொண்டவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பாப்பாட்ட ஒண்ணு சொல்லுங்கண்ணே. அக்கா திரும்பிப் பாக்கலன்னு அது நெனைச்சிருக்கும். நான் மாடிக்குப் போனேன்ல, அங்க ரோட்டுப் பக்கத்து ஜன்னல்லதான் நின்னாக. கம்பிய ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, சேலைத் தலைப்ப வாயில அடைச்சுக்கிட்டு நின்னாக. தேனி பஸ்ஸு பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் பாலத்தத் தாண்டுற வரைக்கும் அந்த எடத்த விட்டு அசையல. நான் பின்னாடி வந்து நின்னதே அவுகளுக்குத் தெரியல." இதைச் சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் திவ்யா. அவளோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன், இதை ஒருநாளும் அவள் என்னிடம் சொன்னதில்லை.

சித்திரையில் நீங்கள் எல்லாரும் வரும்போது பேரனுக்கு அய்யனார் கோயிலில் முடியெடுத்துக் காது குத்திவிடலாம், உன் அத்தை இப்போதே ஆட்டுக்குட்டி பார்த்து வைத்துவிட்டாள். அப்போது ஆரப்பாளையம் போய் அவரைப் பார்க்கணும் என்று உனக்குத் தோன்றினால் நான் கூட்டிப் போகிறேன். தோன்றாவிட்டால் அதுவும் சரிதான், யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை. தமிழ்வாணி தமிழில் பேச மாட்டேன் என்று அடம்பிடித்தால் அடிக்காதே, நீ பேசிக்கொண்டே இரு, அவளுக்கும் வந்துவிடும். மாப்பிள்ளை இரவு வேலைக்குக் காரோட்டிப் போகும்போது தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தச் சொல். பேரனுக்குப் போட வேண்டிய தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதே. கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னால் போதும், இதைப் பற்றி உடனே பேச வேண்டும் என்று இல்லை, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது பேசு. நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். அம்மா எங்கேயிருந்தாலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு
உன் அப்பா
தங்கப்பாண்டி